நாயக்க ராஜாவின் சொந்தக்காரன்

நான் ராஜ வம்சத்தைச் சேர்ந்தவன் என்ற உண்மை, ஆறாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தின் நடுவில், இடைவேளை மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது எனக்குத் தெரியவந்தது. அதுவரைக்கும் நான் றக்வானவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் மூன்றாவது காம்பராவில் பிறந்து வளர்ந்த சாதாரணப் பையனாகத்தான் இருந்தேன்.

டீச்சர் கண்டி ராஜ்ஜியத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கண்டியை ஆண்ட கடைசி ராஜாக்கள் நாயக்கர்கள், மதுரைப் பக்கத்துச் சொந்தம் உள்ளவர்கள் என்றார். எனக்குள் ஏதோ துள்ளியது. எங்கள் தாத்தாவுக்குத் தாத்தாவும் மதுரைப் பக்கமிருந்து வந்தவர் என்றுதான் வீட்டில் பேச்சு. கண்டி ராஜாவும் மதுரை, நானும் மதுரை. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? கணக்குப் பாடத்தில் நான் எந்த விடைக்கும் இவ்வளவு வேகமாக வந்து சேர்ந்ததில்லை.

இடைவேளையில் இந்த விஷயத்தை அடக்கமாக வகுப்புக்கு அறிவித்தேன். என் பக்கத்தில் உட்காருகிறவன், றக்வான டவுனில் பெரிய சாமான் கடை வைத்திருக்கும் முதலாளியின் மகன், பணிஸ் ரொட்டியைக் கடித்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"ஒங்கட அப்பா துரை பங்களாவுல தரை மினுக்குறவரு. நீ எப்பிடிடா ராஜா?"

"ராஜ்ஜியம் கைவிட்டுப் போச்சு. அதான் மினுக்குறாரு."

"அத்தாட்சி?"

"அடுத்த மாசம் நாங்க மதுரைக்குப் போறோம். அங்க எங்க அரண்மனை இருக்கு."

"அப்ப சிம்மாசனத்துல உக்காந்து ஒரு போட்டோ புடிச்சிட்டு வா. கொண்டு வந்தா என்ட பைசிக்கிள் ஒரு தவணைக்கு, மூணு மாசத்துக்கு, ஒனக்கு. இல்லாட்டி ஒரு தவணைக்கு என்ட புத்தகப் பையை நீதான் தூக்கணும்."

வகுப்பே சாட்சி. அந்தச் சிவப்பு பைசிக்கிளை நான் எவ்வளவு விரும்பினேன் என்றால், அவன் மேட்டில் மிதிக்கும்போது பின்னாலிருந்து தள்ளுகிற வேலையை எவருக்கும் விட்டுக்கொடுக்காமல் நானே செய்துவந்தேன். கைகொடுத்து ஒப்புக்கொண்டேன். அவனுடைய பையின் எடையும் எனக்குத் தெரியும். பணக்காரப் பிள்ளைகள் எல்லாப் புத்தகங்களையும் தினமும் கொண்டுவருவார்கள்.

என் பேச்சில் மதுரைக்குப் போவது மட்டும் நிஜம். சித்தப்பா மாணிக்கக் குழியில் இறங்கி வேலை செய்கிறவர். பல வருடம் சேற்றை மட்டும் கழுவிக்கொண்டிருந்தவர், கல் ஒன்று கிடைத்தால் அண்ணன் குடும்பத்தோடு வந்து கும்பிடுகிறேன் என்று மதுரை மீனாட்சிக்கு நேர்ந்திருந்தார். மீனாட்சி அவரைவிட அவசரக்காரி போலிருக்கிறது. நேர்ந்த சில மாதங்களில் குழியிலிருந்து நீலக்கல் ஒன்று வந்தது. சித்தப்பாவின் பங்குக்கு வந்தது நான்கு விமான டிக்கெட்டுகளாக மாறியது: அப்பா, அம்மா, சித்தப்பா, நான்.

மதுரையில் முதல் நாள் காலை கோயில். எங்கள் தோட்டத்துப் பிள்ளையார் மரத்தடியில் என் இடுப்பு உயரத்துக்கு இருப்பவர். மீனாட்சி கோயிலுக்குள் இருந்த பிள்ளையாரைப் பார்த்ததும், நம்மவர் இவருடைய தும்பிக்கை நுனிக்குக் காணமாட்டாரே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. அம்மா ஒவ்வொரு சன்னதியிலும் ஒவ்வொரு சொந்தக்காரரின் பெயரைச் சொல்லி வேண்டினாள். லயத்தில் இருபது காம்பரா, எல்லாருக்கும் வேண்டி முடிக்க மத்தியானமாகிவிட்டது. நான் எல்லாச் சன்னதியிலும் ஒரே கோரிக்கையைத்தான் வைத்தேன். ஒரு சாமி மறந்தாலும் இன்னொரு சாமிக்கு ஞாபகம் இருக்கட்டும் என்று பைசிக்கிளின் நிறத்தையும் சொன்னேன்.

கோயிலுக்குள் போனைக் கொண்டுபோக விடவில்லை. ஆகவே என் மானம் முழுக்க, சாயங்காலம் பார்க்கப்போகும் அரண்மனையை நம்பியிருந்தது. கோயில் தெருவில் அம்மா தனக்கென்று மாம்பழ மஞ்சளில் ஒரு சேலை வாங்கினாள். அதை எடுக்க அவள் பார்த்துத் தள்ளிய சேலைகளின் எண்ணிக்கையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். நான் வாசலில் நின்று சூரியனை மேலேயே பிடித்துவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்கு அரண்மனையைப் பூட்டிவிடுவார்கள் என்று ஆட்டோக்காரர் சொல்லியிருந்தார்.

நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஆட்டோ எங்களை அரண்மனையின் எதிரே இறக்கிவிட்டது. அரண்மனை என்று நாங்கள்தான் சொன்னோம். ஊரில் அதற்கு நாயக்கர் மகால் என்று பெயர். அப்பா அண்ணாந்து பார்த்தார். தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கைக்கு மாற்றினார். பிறகு வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இடப்பக்கம் திரும்பி, சுவரோடு சுவராக நடக்க ஆரம்பித்தார். நாங்கள் பின்னால் போனோம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாகவேண்டும். எங்கள் தோட்டத்தில் துரை பங்களாவுக்குப் போகிறவர்கள் முன்வாசலால் போவதில்லை. வேலிப் பக்கம் சுற்றி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, குசினிக் கதவுக்குத்தான் போவார்கள். அப்படி எங்கேயும் எழுதிப்போடவில்லை. துரைகள் மாறினார்கள், வெள்ளைக்காரர் போய் நம் நாட்டுக்காரர் வந்தார், பாதை மட்டும் மாறவில்லை. அப்பா பத்தொன்பது வயதிலிருந்து அந்தப் பாதையால் போகிறவர். துரை பங்களாவுக்கே அப்படியென்றால் ராஜா பங்களாவுக்கு வேறு எப்படிப் போவது?

வேடிக்கை அதுவல்ல. எங்கள் நான்கு பேரில் ஒருவருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. இரத்தினபுரியில் கல் வியாபாரிகளோடு சரிக்குச் சரி நின்று பேசுகிற சித்தப்பாவுக்குப் படவில்லை. அந்த வம்சத்தின் வாரிசான எனக்கும் படவில்லை. சொந்த அரண்மனைக்குப் பின்கதவைத் தேடிப்போன ராஜகுமாரன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சுவர் முடிகிற மாதிரி இல்லை. ஒரு சந்து, அதற்குள் இன்னொரு சந்து, நடுவே ஒரு ஆடு, ஒரு தையல்கடை. கடைசியில் ஒரு குழாயடிக்கு வந்து சேர்ந்தோம். அங்கே ஓர் அக்கா குடத்தைத் துலக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டாவது தடவையும் அதே குழாயடிக்கு வந்ததும் அவர் நிமிர்ந்தார்.

"என்னண்ணே, யாரு வீட்டைத் தேடுறீக?"

"அரண்மனைக்கு வந்தோம்ங்க," என்றார் அப்பா. "குசினிப் பக்கம் எதுங்க?"

"எதுப் பக்கம்?"

"சமையக்கட்டுப் பக்கம்ங்க. பின்கதவு."

அக்கா குடத்தைக் கீழே வைத்தார். "சமையக்கட்டுல ஒங்களுக்கு என்னண்ணே சோலி? ராஜாவுக்கு இப்ப யாரு சமைக்கிறா?"

அப்பா துவாயைக் கை மாற்றினார். "இல்லீங்க, நாங்க பின்பக்கமாத்தான் போறது வழக்கம்."

அந்த அக்கா சிரித்த சிரிப்பில் தையல்கடைக்காரர் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப்பார்த்தார். ஆனால் அது குத்தலான சிரிப்பாக இல்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எங்களோடு நடந்து வந்தார். சந்துகளைத் தாண்டி, எங்களை ஆட்டோ இறக்கிவிட்ட அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இந்தா இருக்குல்ல வாசல். நடுவுல போங்க. அதுக்குத்தானே இம்புட்டுப் பெருசாக் கட்டி வச்சுருக்கான்."

முக்கால் மணி நேரம் போயிருந்தது. பூட்ட இன்னும் கால் மணி நேரம்தான் என்று சித்தப்பாவின் கையை இழுத்தேன். டிக்கெட் கவுண்டரில் இருந்தவர், ஐந்து மணிக்கு டிக்கெட் கொடுப்பதைத்தான் நிறுத்துவோம், உள்ளே போனவர்கள் கொஞ்ச நேரம் நிற்கலாம் என்று சொன்னார். எனக்கு உயிர் வந்தது. அடுத்த நிமிடமே போனது. அங்கே உள்நாட்டவருக்கு ஒரு டிக்கெட், வெளிநாட்டவருக்கு ஒரு டிக்கெட்.

சித்தப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போனார். "நாலு பேருங்க. உள்ளூருதான்."

"உள்ளூர்ல எங்க?"

சித்தப்பா ஒரு புறாவைப் பார்த்தார். புறா உதவவில்லை.

"றக்வானங்க," என்றார் அப்பா பின்னாலிருந்து.

"றக்வானயா? அது ராமநாதபுரம் பக்கமா?"

"அப்பிடியே போயி கடலைத் தாண்டணும்ங்க. சிலோன்."

"அப்ப ஃபாரின் டிக்கெட்டு."

"சரிங்க," என்றார் அப்பா.

"அண்ணே, நீங்க வாயைத் தெறக்காம இருந்திருந்தா முடிஞ்சிருக்கும்," என்று சித்தப்பா முணுமுணுத்தார்.

"பொய் சொல்லிட்டா அரண்மனைக்குள்ள போறது?"

நான் சட்டென்று குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது. இப்படியாக, நாயக்க ராஜாவின் நேரடி வாரிசு தன் பூர்வீக அரண்மனைக்குள் வெளிநாட்டுக்காரனாக டிக்கெட் வாங்கி நுழைந்தான்.

உள்ளே போனதும் நான் பைசிக்கிளைக்கூட ஒரு நிமிடம் மறந்தேன். தூண் என்றால் தூண். நானும் சித்தப்பாவும் அம்மாவும் கைகோத்து ஒன்றைக் கட்டிப்பிடித்துப் பார்த்தோம், இன்னும் ஓர் ஆளுக்கு இடம் மிச்சம் இருந்தது. வெட்கத்தோடு அப்பா வந்து கை கொடுத்த பிறகுதான் சுற்றி முடிந்தது. மேலே வளைவுகளில் புறாக்கள் குடும்பம் குடும்பமாக இருந்தன. எங்கள் லயத்தைவிட விசாலமான காம்பராக்கள்.

மண்டபத்தின் கோடியில் இருந்தது சிம்மாசனம். சுற்றிலும் கயிறு. கயிற்றுக்குப் பக்கத்தில் காக்கிச் சட்டையும் கழுத்தில் விசிலுமாக ஒரு காவல்காரர்.

"மாமா, ஒரே ஒரு தடவை உக்காந்துட்டு எந்திரிச்சிருவேன்," என்றேன்.

"தம்பி, அந்த ராஜாவே எந்திரிச்சு வந்து கேட்டாலும் கயித்தைத் தாண்ட விடமாட்டேன்."

"நான் அவரு சொந்தக்காரன்தான்."

"அப்படியா? தெனம் நாலு சொந்தக்காரங்க வாராக. ஒனக்கு முன்னாடி வந்தவரு திருச்சியிலருந்து வந்தாரு. அவரையும் விடலை."

எனக்குப் போட்டியாக இன்னொரு வாரிசு இருப்பது அதிர்ச்சியாக இருந்தது. காவல்காரர் யாருக்கோ வழிகாட்டத் திரும்பிய நேரம் பார்த்து, கயிற்றுக்குக் கீழே குனிந்தேன். ஒரு கால்தான் உள்ளே போயிருக்கும். விசில் அடித்தது. அந்த மண்டபத்தில் ஒரு விசில் அடித்தால் அது பத்து விசிலாகத் திரும்பி வரும். புறாக்கள் அத்தனையும் ஒன்றாக எழும்பின. சுற்றிப்பார்க்க வந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். என் வம்சத்தில் யாருக்கும் இவ்வளவு பெரிய சபை கூடியிருக்காது. காதைப் பிடித்தபடி என்னை வெளியே இழுத்துவந்தார் காவல்காரர்.

அப்பா ஓடிவந்தார். "மன்னிச்சிருங்கய்யா. சின்னப்பய, தெரியாமச் செஞ்சுட்டான்."

"தெரியாமயா? வெவரமானவன்ணே இவன்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். குனிந்தவர் அப்படியே தரையைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து உள்ளங்கையால் தரையைத் தடவினார். எழுந்தபோது முகமே மாறியிருந்தது.

"ஐயா, இந்தத் தரைக்கு என்ன போடுறீங்க?"

"என்ன போடுறதா?"

"மினுக்கத்தான். இம்பூட்டுப் பெரிய தரை. எத்தனை ஆளு? புறா எச்சத்துக்கு என்ன பண்றீங்க? காஞ்சா போகாதே."

காவல்காரரின் கை என் காதிலிருந்து தானாக விலகியது. "நான் இங்க வேலைக்குச் சேர்ந்து இருபது வருசமாச்சுண்ணே," என்றார். "வாரவுக எல்லாரும் டாய்லெட் எங்க இருக்குன்னுதான் கேட்பாக. இதைக் கேட்ட மொத ஆளு நீங்கதான்."

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் எங்களை மறந்துவிட்டார்கள். புறா எச்சம், மழைநாள் ஈரம், செருப்புத் தடம், எல்லாம் பேசினார்கள். பெருக்க வருகிற ஆட்களைப் பற்றிக் காவல்காரர் குறைப்பட்டார், அப்பா ஆமோதித்தார். எங்கள் பக்கம் தேங்காய் மட்டையைப் பாதியாக வெட்டி, அதன்மேல் ஒரு காலை வைத்துத் தேய்த்தே தரையைக் கண்ணாடியாக்கிவிடுவோம் என்றார் அப்பா.

"கால்லயா? எப்படிண்ணே?"

அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். இல்லாத மட்டையின் மேல் வலது காலை வைத்தார். இடுப்பை ஒரு வெட்டு வெட்டி, காலை முன்னே வீசி, பின்னே இழுத்து, மெல்ல நகர்ந்தார். வீட்டில் அதிர்ந்து நடக்காத மனிதர், அந்தத் தூண்களுக்கு நடுவே ஒரு காலில் வழுக்கிக்கொண்டு போனார். "இப்பிடி. இடுப்புலதான் வேலை. காலுக்கு ஒண்ணுமில்ல."

காவல்காரரும் முயன்றார். விசில் அவர் வயிற்றில் இங்கும் அங்கும் ஆடியது. "இடுப்புங்க, இடுப்பு," என்று அப்பா திருத்தினார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே தாளத்தில், மண்டபத்தின் குறுக்கே போனார்கள். ஒரு வெள்ளைக்காரக் குடும்பம், நாயக்கர் காலத்து நடனம் என்று நினைத்ததோ என்னவோ, பாய்ந்து வந்து படமெடுத்தது. முடிவில் கைதட்டினார்கள். சித்தப்பாவும் சேர்ந்து தட்டினார். அம்மா தூணில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள்.

மூச்சு வாங்கியபடி திரும்பிவந்த காவல்காரர் என்னைப் பார்த்தார். நான் அழுவதற்குத் தயாராக நின்றேன். பைசிக்கிள் கதையை மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவரிடம் சொன்னேன். அப்பாவின் காதில் விழாதபடி சொன்னேன்.

"கயித்தைத் தாண்ட விட்டா என் வேலை போயிரும் தம்பி," என்றார். "இரு, வாரேன்." போய், தான் உட்காருகிற பிளாஸ்டிக் சேரைத் தூக்கிவந்து இரண்டு தூண்களுக்கு நடுவே போட்டார். "இதுதான் இப்ப இங்க நெசமா ஆளு உக்கார்ற சிம்மாசனம்."

சேர் நல்ல நீல நிறம். எந்த ராஜ்ஜியத்திலும் அப்படி ஒரு சிம்மாசனம் இருந்திருக்காது. அம்மா பையைத் திறந்து, அன்று மத்தியானம் வாங்கிய புதுச் சேலையை எடுத்து உதறினாள். மாம்பழ மஞ்சளும் ஜரிகையுமாக அது சேரை மூடியது. நான் ஏறி உட்கார்ந்தேன். காலுக்குமேல் கால் போட்டேன். முகத்தில் கடுமையை வரவழைத்தேன். சித்தப்பா எடுத்தார்.

அந்தப் படத்தின் கதி என்ன ஆயிற்று என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வகுப்பே கூடிநின்று பார்த்தது. தூண்களைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். முதலாளியின் மகன் மட்டும் போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, கீழே கொண்டுபோனான். சேலையின் ஓரத்துக்குக் கீழே நீலக் கால் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. "இது எங்கட கடையில வாசல்ல அடுக்கி வச்சிருக்கிற கதிரைடா," என்றான். வியாபாரி வீட்டுப் பிள்ளையிடம் பந்தயம் கட்டியது என் தப்பு. ஒரு தவணை முழுக்க அவனுடைய பையைத் தூக்கினேன். அந்த மேட்டில் அவன் மிதிக்க, அவன் பையையும் சுமந்துகொண்டு பைசிக்கிளையும் நானே தள்ளினேன். அது பந்தயத்தில் இல்லை, என் பெருந்தன்மை.

ஆனால் மகாலில் நின்றபோது இதெல்லாம் தெரியாதே. ஜெயித்துவிட்ட மிதப்பில் நான் சேரைவிட்டு இறங்கியதும், காவல்காரர் அப்பாவைப் பார்த்தார்.

"அண்ணே, நீங்களும் ஒருக்கா உக்காருங்க."

"எனக்கு என்னத்துக்குங்க."

"உக்காருங்களேன். அவரு சொல்றாருல்ல," என்றாள் அம்மா.

அப்பா முதலில் சேலையின் மடிப்பை நீவிவிட்டார். பிறகு சேரின் விளிம்பில் உட்கார்ந்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்து, முதுகு முழுதாகச் சாயும்வரை போனார். இரண்டு கைகளையும் சேரின் கைகள்மேல் வைத்தார். சித்தப்பா படமெடுத்தார்.

"அண்ணே, எடுத்தாச்சு."

அப்பாவுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. வளைவுகளின் வழியாகச் சாய்ந்த வெயில் உள்ளே வந்து தரையில் கிடந்தது. பறந்துபோன புறாக்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து உட்கார்ந்தன. அவர் மேலே பார்த்தார். தூணைப் பார்த்தார். அடுத்த தூணைப் பார்த்தார். பூட்டுகிற நேரமாகிவிட்டது என்று சொல்லவந்த இன்னொரு ஊழியரை நம் காவல்காரர் கையசைத்துத் தடுத்தார். அம்மா தூணடியில் கால் நீட்டி உட்கார்ந்து, அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கோ பொறுக்கவில்லை. தூரத்தில் நிஜச் சிம்மாசனமும் தெரிகிற மாதிரி இன்னொரு படம் எடுத்தால் பந்தயம் இன்னும் உறுதியாகும் என்று ஒரு யோசனை வந்திருந்தது. போய் அவர் முழங்கையைத் தட்டினேன்.

"எந்திரிங்கப்பா. எனக்கு இன்னொரு போட்டோ எடுக்கணும்."

சட்டென்று எழுந்து ஒதுங்கி நின்றார். நான் உட்கார்ந்தேன். அவர் குனிந்து என் காலடியில் சேலையை இழுத்துச் சரிசெய்தார்.

"தூங்கிட்டீங்களாப்பா?" என்று கேட்டேன்.

"இல்லடா. சும்மா உக்காந்திருந்தேன்."

"சும்மா உக்காரவா பிளேன் ஏறி இவ்வளவு தூரம் வந்தீங்க?"

நான் சொன்னவற்றில் அது நல்ல பகிடி என்றுதான் இன்னும் சித்தப்பா சொல்லுவார். அவர் சிரித்தார், காவல்காரர் சிரித்தார், எல்லாரையும்விடச் சத்தமாக அப்பா சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. காலையிலிருந்து நடந்த களைப்பில் அவளுக்குப் பகிடி விளங்கவில்லை என்று நினைத்து, நான் அதை இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.